நீங்கள் மனிதர்தானா?

குரும்பலூரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இரண்டு வாரமாக என் மேஜைமேல் காத்துக் கிடக்கிறது. அவருடைய பெண், தீபாவளிக்குப் புடவை பார்க்கலாம் என்று டெலிபோனில் ஒரு ஜவுளிக் கடையின் வெப்சைட்டைத் திறந்தாளாம். புடவைக்குப் பதிலாக, "நீங்கள் மனிதர்தானா என்று சரிபார்க்கிறோம்" என்று ஒரு வாசகமும் பக்கத்திலே ஒரு சின்னக் கட்டமும் வந்து நின்றனவாம். பெண் அலட்சியமாகக் கட்டத்தைத் தட்டிவிட்டு மேலே போய்விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக் கொண்டிருந்த பாட்டிக்குத்தான் பொறுக்கவில்லை. "காசு கொடுத்து வாங்கப் போகிறவளைப் பார்த்து மனுஷியா என்று கேட்கிறானே, யாரடி அவன்?" என்றாராம். "மாமியாருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் கட்டத்தைத் தட்டுவதில் ஆபத்து ஏதாவது உண்டா? நீங்களாவது சொல்லுங்கள்" என்று சகோதரி கேட்டிருக்கிறார்.

பெரம்பலூர்ச் சீமையில் வெங்காயத்துக்கு மட்டுமல்ல, கேள்விக்கும் காரம் அதிகம் போலிருக்கிறது. பாட்டி கேட்டது மிகவும் நியாயமான கேள்வி. யார் அவன்?

கேட்டவன் ஜவுளிக் கடைக்காரன் அல்ல. டெலிபோன் கம்பெனிக்காரனும் அல்ல. கடைக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று கொண்டிருக்கிற மூன்றாவது ஆசாமி அவன். பெரும்பாலும் 'கிளவுட்ஃப்ளேர்' என்கிற அமெரிக்கக் கம்பெனியாக இருக்கும். உலகத்திலுள்ள வெப்சைட்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இந்த ஒரு கம்பெனியின் வாசல் வழியாகத்தான் நம்மிடம் வந்து சேருகிறது. இப்படி ஒருவன் நடுவிலே நிற்பதை நம்மில் பலர் அறிந்ததேயில்லை. அவன் எதற்காக அங்கே நிற்கிறான் என்று தெரிந்து கொண்டால், பாட்டியின் கோபம் பாதி தணியும். மீதிப் பாதி தணிய வேண்டியதில்லை. ஏன் என்பதையும் சொல்கிறேன்.

வெப்சைட் என்பது ஆகாயத்தில் மிதக்கும் வஸ்து அல்ல. எங்கேயோ ஒரு ஊரில், குளிர்சாதனம் செய்த ஓர் அறையில், ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பெயர் சர்வர். பெயர் வைத்தவர்கள் நம் ஊர் ஓட்டலுக்கு வந்திருந்தார்களோ என்னவோ, உத்தியோகம் ஒன்றேதான். நாம் "இரண்டு இட்லி" என்கிறோம். சர்வர் கொண்டு வந்து வைக்கிறார். சட்னி வேண்டுமென்றால் இன்னொரு நடை. சாம்பாருக்கு ஒரு நடை. தண்ணீருக்கு ஒரு நடை. ஓட்டலில் சமையல்கட்டு பத்து அடியில் இருக்கிறது, நடை தெரிவதில்லை. சமையல்கட்டு அமெரிக்காவில் வர்ஜீனியாவிலும், இலை குரும்பலூரிலும் போட்டிருந்தால்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதற்கு மேல் ஓட அதனால் முடியாது. எந்தக் கம்பெனி எவ்வளவு பணம் செலவழித்தாலும் முடியாது. கடலடிக் கம்பி நேர்கோட்டில் போவதுமில்லை. ஆகவே நம் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி அமெரிக்கா போய்ப் பதில் திரும்பி வர, கால் விநாடி ஆகிவிடுகிறது. கால் விநாடிதானே என்பீர்கள். ஆனால் ஒரு பக்கம் திறப்பதற்கு ஒரு நடை போதாது. "இருக்கிறீர்களா?" என்று ஒரு நடை, "ரகசிய பாஷையில் பேசலாமா?" என்று ஒரு நடை, "பக்கத்தைக் கொடுங்கள்" என்று ஒரு நடை, அதிலுள்ள படங்களுக்கு மேலும் நடைகள். நாலு நடைக்கு ஒரு முழு விநாடி போய்விட்டது. அதற்குள் பெண்கள் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள் என்பது வியாபாரிகளின் கவலை.

இதற்குக் கண்டுபிடித்த வழி மிகவும் பழைய வழி. இந்தப் பத்திரிகையையே எடுத்துக் கொள்ளுங்கள். சென்னையில் அச்சாகிறது. அதற்காகக் குரும்பலூர்ச் சகோதரி ஒவ்வொரு வாரமும் 270 கிலோமீட்டர் பஸ் ஏறிச் சென்னைக்கு வந்தா தொடர்கதை படிக்கிறார்? கட்டுக் கட்டாக ஊர் ஊருக்குப் போகிறது; பெரம்பலூர்க் கடையிலே தொங்குகிறது; பையன் சைக்கிளில் போய் வாங்கி வருகிறான். அதே ஏற்பாடுதான். அமெரிக்க சர்வரில் உள்ள பக்கத்துக்கும் படங்களுக்கும் பிரதி எடுத்து, உலகமெங்கும் உள்ள கிளைகளில் வைத்துவிடுகிறார்கள். நீங்கள் கேட்டால் பக்கத்துக் கிளையிலிருந்து வருகிறது. கிளவுட்ஃப்ளேர் கம்பெனி சென்னை, மும்பை, டில்லி மூன்று நகரங்களிலும் 2015-லேயே கிளை திறந்துவிட்டது; இன்று உலகில் 300-க்கு மேற்பட்ட நகரங்களில் அதற்கு இடம் உண்டு. சென்னைக்குப் போய்த் திரும்ப ஒளிக்கு ஆகிற நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. டெலிபோன் கோபுரம், அது இது என்று வழியில் கொஞ்சம் தாமதம் சேர்ந்தாலும் அமெரிக்கக் கணக்கோடு ஒப்பிடவே முடியாது.

சென்னைக்கு இந்தப் பெருமை சும்மா வரவில்லை. கடலடிக் கம்பிகள் கரையேறுகிற துறை அது. 2002-ல் சிங்கப்பூரிலிருந்து சுமார் 3,200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பி வந்து சேர்ந்தது. பிறகு பல வந்தன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்கே ஒரு கம்பி போய்விட்டது. முற்காலத்தில் கப்பல் எங்கே நின்றதோ அங்கே கிடங்கு கட்டினார்கள். இப்போதும் அதுதான்.

பிரதி வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. போன வார இதழை இந்த வாரம் விற்கக்கூடாது அல்லவா? கடைக்காரர் புடவையின் விலையை மாற்றினால், கிளையில் பழைய விலை தொங்கிக் கொண்டிருக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு பிரதிக்கும் ஆயுள் குறித்து வைக்கிறார்கள். கடையின் சின்னம் மாதக்கணக்கில் இருக்கலாம். செய்தித் தலைப்பு ஒரு நிமிஷம். பாங்கியில் உங்கள் கணக்கிலுள்ள தொகைக்குப் பிரதியே எடுக்கக்கூடாது, அது ஒவ்வொரு தடவையும் மூலத்திலிருந்தே வரவேண்டும். அடுத்த வீட்டு அம்மாளின் பாங்கிக் கணக்கு உங்கள் டெலிபோனில் வந்து நின்றால் நன்றாயிருக்குமா? (சிலருக்கு நன்றாகத்தான் இருக்கும். அது வேறு விஷயம்.)

இந்த யோசனை முதலில் உதித்த கதை சற்றுச் சோகமானது. 1995-ல், இன்டர்நெட்டில் இந்த 'வெப்'பை உண்டாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ அமெரிக்காவில் மஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தார். "கூட்டம் தாங்காமல் இது ஒரு நாள் திணறப் போகிறது, வழி சொல்லுங்கள்" என்று சக ஆசிரியர்களைக் கேட்டார். டாம் லெய்டன் என்ற கணிதப் பேராசிரியர் அந்தக் கேள்வியைப் பிடித்துக் கொண்டார். அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தார் டேனியல் லெவின் என்ற இளைஞர். அமெரிக்காவில் பிறந்து இஸ்ரேலில் வளர்ந்தவர், பட்டாளத்தில் சேவை செய்தவர், கல்யாணமாகிக் குழந்தைகளோடு படிக்க வந்தவர். எந்தப் பிரதியை எந்தக் கிளையில் வைப்பது, ஒரு கிளை படுத்துவிட்டால் சுமையை யார் யாருக்குப் பங்கு பிரிப்பது என்பதற்கு இவர்கள் ஒரு கணக்கு முறை கண்டார்கள். 1998-ல் 'அகமாய்' என்று கம்பெனி வைத்தார்கள். ஹவாய்த் தீவின் பாஷையில் அந்தச் சொல்லுக்குக் கெட்டிக்காரத்தனம் என்று பொருள்.

2001 செப்டம்பர் 11 காலை, பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகிற விமானத்தில் லெவின் ஏறினார். நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் முதலில் மோதிய விமானம் அதுதான். கடத்தல்காரர்களைத் தடுக்கப் போய், அன்று முதலில் உயிரிழந்தவர் அவராகவே இருக்கலாம் என்று கருதப்படுகிறது. வயது 31. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுச் சென்றார். அன்றைக்குச் செய்தி தெரிந்து கொள்ள உலகமே ஒரே சமயத்தில் செய்திப் பக்கங்களைத் திறந்தது. பல பக்கங்கள் மூச்சுத் திணறின. அவற்றைத் தாங்கிப் பிடிக்க அகமாய் அலுவலகத்தில், தலைவரை இழந்த துக்கத்தோடு, இரவு பகலாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். அவர் போட்ட கணக்குத்தான் அன்று சுமையைச் சுமந்தது.

நம் நாட்டுக் கூட்டமும் லேசுப்பட்டதல்ல. 2023 நவம்பர் 19-ந் தேதி ஆமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். ஒரே இடத்திலிருந்து அத்தனை பேருக்கும் படம் காட்ட எந்த சர்வராலும் ஆகாது. ஊர் ஊராகப் பரப்பி வைத்ததனால்தான் ஆயிற்று. (ஆட்டத்தில் ஜெயித்தது ஆஸ்திரேலியா. அதற்குக் கம்பெனிகள் பொறுப்பல்ல.)

கிரிக்கெட்டாவது பொழுதுபோக்கு. பரீட்சை ரிஸல்ட் நாளை நினைத்துப் பாருங்கள். மாலைப் பத்திரிகையில் பூதக்கண்ணாடி வைத்து நம்பர் தேடின காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நிமிஷத்தில் ஒரே பக்கத்தைத் திறக்கிறார்கள். குரும்பலூர் வீடுகளுக்கு அந்த நிமிஷம் விசேஷம். 2022-ல் பிளஸ் டூ தேர்ச்சியில் 97.95 சதவீதத்துடன் மாநிலத்திலேயே முதல் மாவட்டம் பெரம்பலூர். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பில் 97.67 சதவீதத்துடன் மறுபடியும் முதல். இன்ஜினியரிங் காலேஜ் விண்ணப்பமோ ஸ்காலர்ஷிப் விண்ணப்பமோ, கடைசி நாள் இரவில் பக்கம் திறக்காமல் வெள்ளையாக நிற்பது ஒரு பெண்ணின் ஒரு வருஷம். வேகம் என்று சொல்வது வெறும் சௌகரியம் மட்டுமல்ல.

நிற்க. கூட்டம் எல்லாம் நல்ல கூட்டமாயிருந்தால் இந்தக் கட்டமும் கேள்வியும் தேவையேயில்லை.

உங்கள் தெருவில் நன்றாக வியாபாரம் நடக்கிற ஒரு மளிகைக் கடை இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பிடிக்காத ஒருவன் ஆயிரம் பேரைக் கூலிக்கு அமர்த்தி அனுப்புகிறான். அவர்கள் கடையை உடைப்பதில்லை, திருடுவதில்லை. "துவரம் பருப்பு என்ன விலை?" என்று கேட்டுவிட்டு வாங்காமல் நிற்பார்கள், அவ்வளவுதான். நிஜமாகப் பருப்பு வாங்க வந்தவள் வாசலிலிருந்தே திரும்பிப் போவாள். இன்டர்நெட்டில் இந்த வேலைக்கு ஆள்கூடத் தேவையில்லை, யந்திரங்களை ஏவிவிடுகிறார்கள்.

எந்த யந்திரங்கள் தெரியுமா? 2016 அக்டோபர் 21-ந் தேதி அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பாதி நாள் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய பெரிய பெரிய பக்கங்களெல்லாம் திறக்கவில்லை. படையெடுத்து வந்தவை, வீட்டு வாசலில் மாட்டுகிற காமிராக்களும், காமிராப் படத்தைப் பதிவு செய்கிற பெட்டிகளும்! 'மிராய்' என்ற விஷமப் புரோகிராம் ஒன்று இன்டர்நெட்டில் வீடு வீடாகப் போய், கம்பெனிக்காரன் வைத்தனுப்பிய பாஸ்வேர்டு மாற்றாமல் இருக்கிறதா என்று சுமார் 60 சாவிகளைப் போட்டுப் பார்த்தது. திறந்த வீடெல்லாம் அதன் படையில் சேர்ந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. காமிரா வழக்கம் போல் வாசலைக் காட்டிக் கொண்டேதான் இருந்தது. இந்தப் புரோகிராமை எழுதியவர்கள் மூன்று அமெரிக்க வாலிபர்கள். ஆரம்பத்தில் இதை எழுதியது ஒரு விளையாட்டின் வியாபாரப் போட்டியில் எதிராளியின் சர்வரைச் சாய்ப்பதற்காக! 2017-ல் கோர்ட்டில் ஒப்புக் கொண்டார்கள். உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு காமிரா மாட்டியிருந்தால், பாஸ்வேர்டை மாற்றியாயிற்றா என்று இன்று ராத்திரியே வீட்டுக்காரரைக் கேளுங்கள். மாட்டிக் கொடுத்த பையன் '12345' என்று வைத்துவிட்டுப் போயிருப்பான்.

நடுவில் நிற்கிற கம்பெனி இதற்கு என்ன செய்கிறது? நூற்றுக்கணக்கான கிளைகளுக்கும் ஒரே விலாசத்தைப் போட்டு வைக்கிறது. ஆகவே பிரேஸிலிலிருந்து வருகிற போலிக் கூட்டம் பிரேஸில் கிளையிலும், ரஷ்யாவிலிருந்து வருகிறது ரஷ்யாவை அடுத்த கிளையிலும் போய் முட்டும். எல்லாம் ஒரே வாசலுக்கு வந்து நசுக்குவதில்லை. இரண்டாவதாக, வருகிறவனை முகம் பார்த்து நிறுத்துகிறது. பாட்டியைக் கோபப்படுத்திய கட்டம் இந்த இடத்தில்தான் வருகிறது. கட்டத்தைத் தட்டியதனால் நீங்கள் மனிதர் என்று அவன் நம்பிவிடவில்லை. தட்டுவதற்கு ஒரு யந்திரத்தாலும் முடியும். எந்த விலாசத்திலிருந்து வருகிறீர்கள், அங்கிருந்து முன்பு விஷமம் வந்ததுண்டா, உங்கள் டெலிபோன் நிஜமான டெலிபோன் மாதிரி நடந்து கொள்கிறதா என்றெல்லாம் திரைமறைவில் ஓரிரு விநாடியில் சோதித்துப் பார்த்துவிடுகிறான். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடிப்பது காப்பிக்காகவா? அதுபோலத்தான்.

கிளவுட்ஃப்ளேரை 2009-ல் ஆரம்பித்த மூவரில் ஒருவர் மிஷெல் ஸாட்லின் என்ற கனடா தேசத்துப் பெண்மணி. மற்ற இருவர் மாத்யூ பிரின்ஸ், லீ ஹாலோவே. சின்னக் கடைக்காரர்களுக்கும் இந்தக் காவலை இலவசமாகவே தருகிறார்கள். இலவசம் என்றதும் உங்களுக்குச் சந்தேகம் வருகிறதல்லவா? வரத்தான் வேண்டும். லட்சக்கணக்கான சின்ன வாசல்களில் நின்றால், புதுப்புது விஷமங்களையெல்லாம் முதலில் பார்த்துவிடலாம். அந்த அனுபவத்தைப் பெரிய கம்பெனிகளுக்குப் பணத்துக்கு விற்கலாம். தர்மமும் வியாபாரமும் ஒரே இலையில்! 2014 செப்டம்பரில் இலவச வாடிக்கைக்காரர்கள் சுமார் 20 லட்சம் பக்கங்களுக்கும் ரகசிய பாஷைப் பூட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். அதுவரை பூட்டு என்பது பணம் கொடுத்து வாங்குகிற சரக்கு.

அந்த ரகசிய பாஷைக்குச் சாவி வேண்டும்; சாவி யாரும் ஊகிக்க முடியாததாயிருக்க வேண்டும். இதற்காக ஸான்பிரான்ஸிஸ்கோ அலுவலகத்தின் முன் கூடத்தில், நிற நிறமான மெழுகு குமிழ் குமிழாக எழும்பி இறங்குகிற விளக்குகளைச் சுமார் நூறு வரிசையாக வைத்து, காமிராவில் படம் பிடித்துக் கொண்டே இருக்கிறார்கள். கொதிக்கிற சாம்பாரில் அடுத்த விநாடி எந்தப் பருப்பு எங்கே எழும்பும் என்று உங்களாலேயே சொல்ல முடியுமா? அந்த ஒழுங்கற்ற அசைவைத்தான் சாவிக்குச் சேர்மானமாகப் போடுகிறார்கள்.

இனி, பாட்டியின் கோபத்தில் தணிய வேண்டாத மீதிப் பாதி.

நடுவில் நிற்கிறவன், பூட்டிய கடிதத்தைத் தன் கிளையில் திறந்து பார்த்து, மறுபடியும் பூட்டித்தான் கடைக்காரனுக்கு அனுப்புகிறான். திறக்காமல் உள்ளே விஷமம் இருக்கிறதா என்று பார்க்க முடியாது. அவன் யோக்கியன் என்று வைத்துக் கொண்டாலும் கைத்தவறு நேரலாம், நேர்ந்தும் இருக்கிறது. அவர்களுடைய புரோகிராமில் இருந்த ஒரு பிழையினால், ஒருவருடைய அந்தரங்கச் செய்தித் துணுக்குகள் இன்னொருவருடைய பக்கத்தில் ஒழுகின. மாதக்கணக்கில் நடந்த இதை 2017 பிப்ரவரியில் கூகிள் கம்பெனியின் நிபுணர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே அடைத்தார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் 2025 நவம்பர் 18 அன்று நடந்தது. நம் கடிகாரத்தில் மாலை ஐந்து மணிக்குச் சற்று முன், உலகமெங்கும் பக்கங்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ட்விட்டராக இருந்து 'எக்ஸ்' ஆன பக்கம் திறக்கவில்லை, சாட்ஜிபிடி திறக்கவில்லை, எந்தெந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்கென்றே இருக்கிற பக்கமும் படுத்துக் கொண்டது! யாரோ படையெடுத்துவிட்டார்கள் என்று கிளவுட்ஃப்ளேர்க்காரர்களே முதலில் எண்ணினார்கள். கடைசியில் பார்த்தால் படையுமில்லை, பகைவனுமில்லை. யந்திரக் கூட்டத்தை அடையாளம் காட்டுகிற குறிப்புப் பட்டியல் ஒன்று, உள்ளே செய்த ஒரு சிறு மாற்றத்தால் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. அவ்வளவு பெரிய பட்டியலை ஏற்க முடியாமல் புரோகிராம் நின்றுவிட்டது. அதாவது மனிதனையும் யந்திரத்தையும் பிரிக்கிற அந்தக் காவல்காரனே மயங்கி விழுந்து வாசலை மறித்துக் கொண்டான். எட்டு மணி வாக்கில்தான் பெரும்பாலானவை எழுந்தன. 2019-க்குப் பிறகு இவ்வளவு மோசமாக நடந்ததில்லை என்று கம்பெனியே எழுதி மன்னிப்புக் கேட்டுக் கொண்டது. பகிரங்கமாக விவரம் சொன்னதை நான் பாராட்டுகிறேன். ஆனால் ஐந்தில் ஒரு கடைக்கு ஒரே காவல்காரன் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஊருக்கு ஒரே கிணறு, அது எவ்வளவு நல்ல தண்ணீராயிருந்தாலும், வேண்டவே வேண்டாம்.

சகோதரியின் கடைசிக் கேள்வி: தட்டினால் ஆபத்து உண்டா?

கட்டத்தை மட்டும் தட்டச் சொன்னால் தாராளமாகத் தட்டலாம். ஆனால் இதே கட்டத்தைப் போலவே வேஷம் போட்ட போலிப் பக்கங்கள் சமீப வருஷங்களில் கிளம்பியிருக்கின்றன. அவை தட்டியதோடு விடுவதில்லை. "மனிதர் என்று நிரூபிக்க, கீபோர்டில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள்; பிறகு கன்ட்ரோலையும் வி எழுத்தையும் அழுத்துங்கள்; பிறகு என்டர்" என்று படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கும். சொன்னபடி செய்தால், திருடனுக்கு நீங்களே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. கம்ப்யூட்டரில் உள்ள பாஸ்வேர்டெல்லாம் போய்விடும். நிஜமான காவல்காரன் ஒருநாளும் கீபோர்டில் இப்படி அழுத்தச் சொல்லமாட்டான்; எதையும் இறக்கிக் கொள்ளச் சொல்லமாட்டான்; 'ஓ.டி.பி.' நம்பரோ பாங்கி நம்பரோ கேட்கமாட்டான். விலாசத்துக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். வழியில் யாரும் கடிதத்தைப் பிரிக்கவில்லை என்பதற்குத்தான் பூட்டு; கடிதம் வாங்கிக் கொள்கிறவன் நல்லவன் என்பதற்கு அல்ல. இப்போதெல்லாம் திருடனும் பூட்டு வாங்கி மாட்டிக் கொள்கிறான், இலவசமாகவே கிடைக்கிறது.

அப்படி ஏதாவது நடந்து பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக் கொண்டு வீட்டில் மறைக்காமல், உடனே 1930 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்து சொல்ல வேண்டும். மத்திய சர்க்கார் இதற்கென்றே வைத்திருக்கும் நம்பர். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. காலண்டர் அட்டையில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.